தம்பிக்கு, காபி ஃபில்டர் வாங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

புது வீட்டுக்கு எந்தக் காபி மேக்கர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகும் முன் நீங்கள் இருவரும் குடிக்கப்போவது பால் காபியா, பாலில்லாக் காபியா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அது தெளிந்தாலே பாதிக் கருவிகள் விலகிவிடும்.

மின்சாரத்தில் சொட்டுச் சொட்டாக வடிக்கும் இயந்திரத்தை நானும் ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கினேன். சிக்கரி கலந்த நம் பொடியைப் போட்டதும் அதன் வடிகட்டும் காகிதம் அடைத்துக்கொண்டு, நீர் கூடையிலிருந்து வழிந்து மேடையெல்லாம் பரவியது. தூய காபிப் பொடிக்கு மாறிய பிறகு அது ஒழுங்காக வடித்தது. ஆனாலும் அந்தக் காபி பால் சேர்த்ததும் நீர்த்துப்போனது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி 1908-இல் காகித வடிகட்டியைப் பதிவு செய்தது மண்டியும் கசப்பும் இல்லாத தெளிந்த காபிக்காக. காகிதம் காபியின் எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொள்வதால், பாலுக்கு ஈடுகொடுக்கும் கனம் அதில் இருப்பதில்லை.

எஸ்பிரெசோ இயந்திரம் வெந்நீரை ஏறத்தாழ 9 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் பொடி வழியே செலுத்தி வடிப்பதால் கனத்துக்குக் குறைவில்லை. பெட்டியில் 15 பார் என்று போட்டிருப்பது பம்பின் உச்ச அளவுதான்; அதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்காதே. நல்ல அரவை இயந்திரமும் உடன் வேண்டியிருப்பதால், முதல் வருடக் குடித்தனத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். இத்தாலியில் 1933-இல் பியலெட்டி உருவாக்கிய, அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தால் காபி வடிக்கும் மோக்கா பாட் மலிவானது, பாலையும் தாங்கும். ஆனால் அந்த அலுமினியப் பாத்திரம் உன் இன்டக்ஷன் அடுப்பில் சூடேறாது.

ஆகவே, நம் வீட்டு இரண்டடுக்கு ஃபில்டரையே வாங்கு. வெந்நீர் தன் எடையாலேயே மெல்ல இறங்கி, பொடியோடு நெடுநேரம் உறவாடுவதால்தான் அந்த டிகாக்ஷன் பால் சேர்த்த பின்னும் காபியாகவே நிற்கிறது. அளவில் மட்டும் கவனமாக இரு. விருந்தாளிகளை நினைத்துப் பெரியதாக வாங்கினால், இருவருக்கான பொடி அடியில் மெல்லிய படலமாகக் கிடக்க, நீர் நில்லாமல் ஓடிவிடும். மேலடுக்கில் பாதியளவாவது பொடி நிறைய வேண்டும் என்பதால், உங்களுக்குச் சிறிய ஃபில்டரே பொருத்தம். மேலடுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகள் நுண்ணியவையாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றனவா என்று பார். இரண்டு அடுக்குகளும் இறுகப் பொருந்தினால் கீழுள்ள காற்று வெளியேற வழியின்றி டிகாக்ஷன் இறங்காமல் நின்றுவிடும். மேலடுக்கைச் சற்றே தூக்கி வைத்தால் மீண்டும் சொட்டத் தொடங்கும். பித்தளையின் அழகு எனக்கும் பிடிக்கும், ஆனால் உட்புறம் வெள்ளீயம் பூசி, அது தேயும்போது மறுபடி பூச வேண்டும். வேலைக்குப் போகும் உங்களுக்கு எவர்சில்வரே போதும்.

வாங்கியதும் நன்றாகக் கழுவி, முதல் டிகாக்ஷனைக் குடிக்காமல் கொட்டிவிடு. புது உலோகத்தின் வாடை அதோடு போய்விடும். துளைகளுக்குச் சோப்பைவிட வெந்நீரும் மெல்லிய தூரிகையும் நல்லது.

அன்புடன்,
அக்கா