குடபுலத்தில் குடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுபாணாற்றுப்படைக் கட்டுரை, 'குடபுலம்' என்பதற்குக் 'குடம்போல் வளைந்த நிலம்' என்றும், 'குணபுலம்' என்பதற்கு 'நற்குணம் மிக்க நாடு' என்றும் பொருள் எழுதியிருக்கிறது. இரண்டும் தவறு. குடக்கு என்றால் மேற்கு, குணக்கு என்றால் கிழக்கு.

அந்தப் பகுதியை முழுதாகப் படித்தாலே விளங்கிவிடும். 'குடபுலம் காவலர் மருமான்' (வழித்தோன்றல்) என்று சேரன் குட்டுவனையும், 'தென்புலம் காவலர் மருமான்' என்று பாண்டியன் செழியனையும், 'குணபுலம் காவலர் மருமான்' என்று சோழன் செம்பியனையும் புலவர் வரிசையாகச் சொல்லி, அவர்களின் தலைநகரங்களான வஞ்சியும் மதுரையும் உறந்தையும் வறிதே (வளம் குறைந்தவையே) என்கிறார். நடுவில் நிற்கும் 'தென்' திசையென்றால் இருபுறமும் நிற்பவையும் திசைதானே! சேரனுக்குக் குடத்தையும் சோழனுக்குக் குணத்தையும் கொடுத்துவிட்டுப் பாண்டியனை மட்டும் தெற்கே நிறுத்துவது என்ன நியாயம்?

குடக்கு என்ற சொல் 'குட' என்று எப்படிக் குறுகியது என்பதை இலக்கண நூலான நன்னூலின் 186ஆம் நூற்பா சொல்கிறது. திசைப்பெயரோடு வேறு சொல் சேரும்போது ஈற்று உயிர்மெய்யும் (கு) அதன் முன்னுள்ள ககர ஒற்றும் (க்) நீங்கும். வடக்கு + திசை வடதிசை ஆவதுபோலக் குடக்கு + திசை குடதிசை. இங்கே இடையில் வல்லின ஒற்று (வலி) மிகாது. பானையைக் குறிக்கும் குடம் அப்படியல்ல: மகரம் கெட்டு வலி மிகும், குடம் + கூத்து குடக்கூத்து. உங்கள் கட்டுரையில் ஓரிடத்தில் 'குடப்புலம்' என்று ஒற்றுப் போட்டு அச்சிட்டிருப்பது இந்தக் குழப்பத்தால்தான். அந்தப் 'ப்' வந்ததுமே மேற்கு பானையாகிவிடுகிறது.

ஆனால் ஒற்றை மட்டும் நம்பினாலும் வழுக்கும். வட்டாரத் தமிழ் வழங்கிய கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் ஒன்றுக்குக் 'குடம்' என்றே பெயர். அந்தப் பெயரோடு அரசனைக் குறிக்கும் 'கோ' சேர்ந்தால் குடக்கோ என்று வலி மிகத்தான் செய்யும். சிலப்பதிகாரப் பதிகத்தின் தொடக்கத்தில் 'குணவாயிற் கோட்டத்து' இருந்தவர் 'குடக்கோச் சேரல் இளங்கோவடிகள்'. முதல் அடியில் கிழக்கு, அடுத்த அடியில் மேற்கு நாடு. குடக்கோவைக் குடம் செய்யும் குயவர் என்று எழுதிவிடாதீர்கள்!

எனவே ஐயம் வந்தால் முதலில் அக்கம்பக்கத்தில் வட, தென், குண ஏதும் இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பிறகு பார்க்கலாம். பட்டினப்பாலையில் 'குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்' என்பதற்கு முன் வடமலை, பின் தென்கடலும் குணகடலும். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் 'குடதிசை முடியை வைத்துக் குணதிசை பாதம் நீட்டி' அரங்கன் துயில்கிறான். தலை மேற்கே, கால் கிழக்கே. திருவரங்கம் போனவர்கள் நேரில் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று. 'குட' வந்த இடமெல்லாம் சேரநாடு என்று எழுதுவதும் சரியல்ல. சிறுபாணாற்றுப்படையின் குடபுலம் சேரர் காத்த நிலம். புறநானூறு 17இன் 'குணகுடகடலா எல்லை' கிழக்கு மேற்குக் கடல்களை மட்டுமே சொல்கிறது. அங்கே நாடு எதுவும் இல்லை.

அகராதியில் தேடுவோர் 'குடம்' என்ற இடத்தில் நின்றுவிடாமல் 'குடக்கு' வரை போகவேண்டும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்