கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்: சான்றிதழ் வேண்டாம், வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணினி ஆய்வகத்தில் நடந்த விக்கிப்பீடியா பயிலரங்கைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் நடுவில் நின்றவரே நீங்கள்தான். படத்தில் வராததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது. முன்கூட்டியே கேட்டால் விலக்கு உண்டு. கேட்கச் சொல்லி உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. அன்று 40 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆளோடு வழி அடைத்துக்கொண்டதும், தொடங்கிய கணக்குகளையே ஆளாளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார் வந்திருந்த பயிற்றுநர். ஒரு கணக்கு ஒருவருக்குத்தான் என்பது அங்கே அரிச்சுவடி.

போதாக்குறைக்கு, "நாலு மணிக்குள்ள ஆளுக்கு ஒரு கட்டுரை, இன்டர்னல் மார்க் உண்டு" என்று அறிவிப்பு. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சுற்றுலாத் தளங்களிலிருந்து அள்ளி ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறல் என்று இரவுக்குள் எல்லாம் போயிற்று. நீக்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் ஒரு மாணவி மட்டும் எதையும் ஒட்டவில்லை. படுகர்களின் எத்தையம்மன் திருவிழாவான எத்தை ஹப்பாவுக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக் கோயிலுக்குப் போவதைப் பற்றித் தன் சொந்த வார்த்தையில், கணினி கிடைக்காமல் கைபேசியிலேயே தட்டச்சு செய்திருந்தாள். அவளுக்குப் பங்காகக் கிடைத்த கணக்கில் மற்றவர்கள் ஒட்டிய வினைக்கு அந்தக் கணக்கே தடை செய்யப்பட்டது. மேற்கோள் சேர்க்கக்கூட அவளால் உள்ளே போக முடியவில்லை. தடை அறிவிப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிக் கேட்டாள்: "அக்கா, கேஸ் போடுவாங்களா? வீட்ல சொல்லட்டுமா?"

இதற்குத்தானா ஐயா பயிலரங்கு?

நான் கேட்பது வாரம் ஒரு மணி நேரம், ஒரு பருவம் முழுக்க. முதல் சில வாரம் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கத்தில், எழுதிப் பழகட்டும். பிறகு புதுக் கட்டுரை வேண்டாம், இருக்கும் கட்டுரையில் ஒரே ஒரு வரி. நீலகிரி மலை ரயில் 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் உதகையை எட்டியது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதில் ஏதாவது ஒன்றுக்கு உங்கள் நூலகத்தில் புத்தகம் தேடிப் பக்க எண்ணோடு மேற்கோள் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரமும் அதற்கே சரியாகிவிடும். ஆனால் அந்த வரியை யாரும் லேசில் தூக்கிவிட முடியாது.

இந்த மலையில் எல்லாமே ஒரு நாள் கூத்தாகிவிட்டது. மரம் நட ஒரு நாள், பிளாஸ்டிக் ஒழிக்க ஒரு நாள், தமிழ் வளர்க்க ஒரு நாள். மே மாத மலர்க் கண்காட்சித் தொட்டிகளுக்குக்கூட மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, நடுவில் பொன்னாடை, தேநீர். சான்றிதழ்களை மட்டும் முந்தின வாரமே அச்சடித்துவிட்டீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக் கால அட்டவணை போடும்போது வாரம் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். பத்துப் பேர் போதும், மதிப்பெண் வேண்டாம். நான் வந்து சொல்லித் தருகிறேன். பேருந்துக் கட்டணம்கூடக் கேட்க மாட்டேன். அந்த மாணவிக்குத் தனிக் கணக்குத் தொடங்க நானே உதவுகிறேன். அவள் மேல் தவறில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மீண்டும் எழுதுவாள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கோத்தகிரி விக்கிப்பீடியர் ஒருவர்