'மாற்று ஏற்பாடு' என்றால் எங்கே? நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் நாய் வளர்ப்பு பற்றி மூன்று தீர்மானங்கள் வர இருப்பதாகச் சுற்றறிக்கை கிடைத்தது. நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது. நாய் வைத்திருப்பவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் 'மாற்று ஏற்பாடு' செய்துகொள்ள வேண்டும். என் அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மாற்று ஏற்பாடுன்னா எங்கேம்மா கொண்டுபோய் விடச் சொல்றாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தீர்மானத்தை எழுதியவர்களிடமாவது இருக்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் நியாயமானது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் விளையாடிய 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறியதை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்தே போனார். நம் வளாகத்திலேயே போன மாதம் பி பிளாக் குழந்தை ஒரு நாய் பாய்ந்த பயத்தில் படியில் உருண்டு முட்டியை உடைத்துக்கொண்டது. ரேபிஸ் என்கிற வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்கவே முடியாது என்பதும் உண்மை. இவ்வளவு தெரிந்த ஒரு தாயிடம் போய் நாய் வளர்க்கும் நாங்கள் "ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க" என்கிறோம். இந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும். எதிரே வருபவர் ஒதுங்கினால், நாயைக் கையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நாம்தான் ஒதுங்க வேண்டும். அவர் பயத்தைப் போக்குவது நம் வேலை இல்லை, அதை மதிப்பது நம் கடமை.

அதே அளவு உண்மையான இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது 74 வயது. அம்மா போன பிறகு அவர் வீட்டை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னார், நாங்களும் கெஞ்சிப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு மழைக்காலத்தில் பின்பக்கக் காலி மனையில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டியை என் மகன் தூக்கி வந்தபோது அதிகம் கத்தியவரும் அவர்தான். அந்தக் குட்டிதான் எங்கள் செவலை. இன்றைக்குக் காலை ஐந்தரை மணி ஆனால் அது அவர் கட்டிலருகே நின்று போர்வையை இழுக்கும். எழுந்தே ஆக வேண்டும். நடந்துவிட்டு வந்த பிறகுதான் காபி. அந்த நடையில்தான் இஸ்திரி வண்டிக்காரரும், பால் போடும் பையனும், சி பிளாக் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவருக்குப் பழக்கமானார்கள். எங்களுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர் செவலையிடம் ஊர்க் கதையெல்லாம் பேசுகிறார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று மாட்டு வண்டி சேற்றில் சிக்கிய கதை பக்கத்து அறையிலிருந்து கேட்டுத்தான் எனக்கே தெரியும்.

ஏ பிளாக்கில் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் தனியாக வீடு திரும்பும் பெண் ஒருவர் இருக்கிறார். அவருக்காகக் கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் ஒரே உயிர் ஒரு கிழட்டு லாப்ரடார். அதற்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. லிஃப்ட் கூடாது என்றால் ஆறு மாடி இறங்கி ஏற அந்த நாயால் முடியாது, அதைத் தூக்கிக்கொண்டு ஏற அவராலும் முடியாது. முதல் தீர்மானத்தை எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இந்தச் சந்தோஷம் எங்களுக்குச் சும்மாவும் கிடைப்பதில்லை. வந்த இரண்டாவது வாரமே செவலைக்குப் பார்வோ வைரஸ் நோய். வாந்தி, ரத்தமாகப் பேதி, கண் திறக்கவில்லை. இரவில் வேப்பேரிக்குப் போக ஆட்டோ தேடினால், நாய் என்றதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். வேப்பேரியில் இருப்பது 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. அதன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். மீன் கூடைக்காரம்மா முதல் காரில் வருபவர் வரை, மடியில் ஒரு நாயும் கையில் டிரிப் பாட்டிலுமாக வரிசையில் இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் "ஒரு நாய்க்காகவா இவ்வளவு?" என்று கேட்பதில்லை. அப்புறம் மழை விட்டதும் உண்ணி. காதுக்குள், விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் காய்ச்சல் வந்து, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கில் ரத்தம் வடியும். மே மாதத் தார் ரோட்டில் பாதம் வெந்துவிடும் என்பதால் வெயில் ஏறினால் வெளியே போக முடியாது. தீபாவளி அன்று பாத்ரூமுக்குள் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் குடும்பமாகப் போனதெல்லாம் பழைய காலம். இத்தனையும் தெரிந்து, பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு நம் கண்முன்னே போய்விடும் என்பதும் தெரிந்துதான் வளர்க்கிறோம். வீட்டுச் சாமான் மாதிரி அதை மூன்று மாதத்தில் இடம் மாற்றச் சொல்கிறீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்புச் சங்கங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது, நாயின் அளவைக் காரணம் காட்ட முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2021-இல் கேரள உயர்நீதிமன்றமும் இப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று சொன்னது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதே குற்றம். இந்தச் சட்டத்துக்கு அடிப்படை போட்டவர் நம் ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1953-இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கியதுதான் இது. 1962-இல் அவர் தலைமையில் அமைந்த விலங்கு நல வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அவருடைய கலாக்ஷேத்ரா இருக்கும் திருவான்மியூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இப்படி ஒரு தீர்மானம் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் சட்டத்தைக் காட்டி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த பிறகும் அதே லிஃப்டில்தான் அடுத்த பத்து வருடம் முகம் பார்க்க வேண்டும். அந்த வழிகாட்டுதலில் எங்களுக்கு வசதியான ஒன்றை விட்டுக்கொடுக்கவும் தயார். நாய்க் கழிவை அள்ளாதவர்களுக்கு அபராதம் போடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்கிறது அது. அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, நாங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அள்ளாதவர் பராமரிப்புக் கட்டணத்தோடு அபராதத்தையும் சேர்த்துக் கட்டட்டும். நடைபாதையில் கிடப்பதைப் பெருக்கும் அக்கா அள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

நான் கேட்பது தடைக்குப் பதில் ஓர் ஒழுங்கு. மாநகராட்சி உரிமம் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகும் நம் வளாகத்தில் எத்தனை நாய்களுக்கு உரிமம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். உரிமம், வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். தடுப்பூசித் தேதி தாண்டினால் செயலாளர் கதவைத் தட்டட்டும். வீட்டு வாசலைத் தாண்டினால் கழுத்துப் பட்டையும் கயிறும், அதுவும் கையில் சுற்றிப் பிடிக்கும் குட்டைக் கயிறு. லிஃப்டில் வாய்மூடி. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம், மூச்சிரைக்க இடம் விடும் கூடை மாதிரியானதே போதும். லிஃப்டில் ஏற்கெனவே ஆள் இருந்தால், அவர் கூப்பிட்டால் ஒழிய அடுத்ததற்குக் காத்திருப்போம். பள்ளி வேன் வரும் நேரத்தில் நாய்களோடு இறங்க மாட்டோம். சறுக்கு மரம், ஊஞ்சல் பக்கம் எந்த நேரத்திலும் வர மாட்டோம்.

மீறிக் கடி விழுந்தால் என்ன செய்வது என்பதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது. அந்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், செலவு முழுவதும் வளர்ப்பவருடையது.

என்னைப் போல் நாய் வளர்ப்பவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். சென்னை வெயிலில் ஃபிளாட்டுக்குள் பனிப் பிரதேசத்து நாயான ஹஸ்கியை வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறை நாயை பால்கனியில் கட்டிப்போடுவதும் அதே கொடுமைதான். இரண்டாவது மாடியில் பகல் முழுக்கக் குரைக்கும் நாய் கெட்ட நாய் இல்லை. காலையில் பூட்டிவிட்டுப் போனால் ராத்திரிதான் அதற்கு மனித முகமே தெரிகிறது. கீழ்வீட்டில் கைக்குழந்தை தூங்க முடியாமல் அழுகிறது. அந்த வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டியவர்கள் நாங்கள்தான். சங்கம் வரை போக விடக் கூடாது.

மூன்றாவது தீர்மானம் நிறைவேறினால் எல்லோரும் நல்ல வீடு தேடிக் கொடுப்பார்கள் என்று நம்புகிறீர்களா? சிலர் விடியற்காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஈசிஆரில் இறக்கிவிடுவார்கள். தட்டில் சாப்பிட்டுப் பழகிய நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்கள் சேர்க்காது. வண்டியில் அடிபடும், இல்லையென்றால் பயத்தில் யாரையாவது கடிக்கும். தெருநாய்த் தொல்லை என்று மாநகராட்சிக்கு மனு எழுதும் நாமே அந்தக் கூட்டத்தைப் பெருக்குவோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மூன்று தீர்மானங்களையும் நிறுத்திவைத்து, நாய் வளர்ப்பவர் இருவர், வளர்க்காதவர் இருவர் என ஒரு குழு அமைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன விதிகளை முன்வரைவாக எழுதி சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் தருகிறேன். முட்டி அடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் நேரில் போய்ப் பேசினேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனாலும் குழுவில் உட்காரச் சம்மதித்திருக்கிறார். அவர் ஒப்புக்கொள்ளாத எந்த விதியும் எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
டி பிளாக், ஐந்தாவது மாடி