'சமத்துவம்' தரையில் பிறந்த சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சொல் விளக்கப் பகுதியில், 'சமத்துவவாதி' என்றால் 'எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்' எனப் பொருள் தந்திருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தில் 'இகாலிட்டேரியன்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து அங்கே போன சொல் அது. அதன் வேர் 'ஈகுவஸ்' என்னும் இலத்தீன் சொல். மேடுபள்ளம் இல்லாத தரையையும் அது குறிக்கும். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'சமம்' அப்படித்தான். சமவெளி, சமதளம் என்று இன்றும் சொல்கிறோம். கீதையில் 'சமத்துவம்' வெற்றி தோல்வியில் கலங்காத மனநிலையைக் குறிக்கிறது. மனிதருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்ற பொருளை அதற்கு ஏற்றியது நம் காலம். அதன் எதிர்ச்சொல்லைப் பாருங்கள்: ஏற்றத்தாழ்வு. அதுவும் தரையின் சொல்தானே!

என் அப்பா கொத்தனார். புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் எத்தனையோ வீடுகள் கட்டியவர். நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார். மறுமுனையை எதிர்ச்சுவரில் நான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் நின்ற பிறகுதான் கோடு போடுவார். அந்த மட்டத்தின் மேல் எழுந்த அறைகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒன்று சமையலறை, ஒன்று திண்ணையை ஒட்டிய சின்ன அறை. மட்டம் மட்டுமே ஒன்று.

'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்ற வள்ளுவர், அடுத்த மூச்சிலேயே 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' என்கிறார். பிறப்பு ஒக்கும், செயலால் வரும் சிறப்பு ஒவ்வாது. ஒரே அச்சில் வார்க்கச் சொன்னவரா அவர்?

மழைக்காலத்தில் யார் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கும் என்பது எங்கள் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளத்தில் இருப்பவர் மேட்டில் இருப்பவரைப் போல ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தரையைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022 முதல் 'சமத்துவ நாள்' என்று கடைப்பிடிக்கிறது. அன்று எடுக்கும் உறுதிமொழியின் பொருள் பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் தெரிய வேண்டாமா?

உங்கள் சொல் விளக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் மாணவர்களை நான் அறிவேன். அடுத்த இதழிலேயே இதைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை - 39.