படகுப் போட்டி: காலைக் காற்றும் மதியக் காற்றும் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். படகோட்ட வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போய் வந்ததைப் பார்த்துத்தான் என் மகளைப் பாய்மரப் படகில் ஏற்றும் தைரியம் எனக்கு வந்தது. ஒலிம்பிக்கில் நேத்ராவின் பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகைப் படகு. உள்ளூர்ப் போட்டியில் அப்படி முடியாது, கிடைத்த படகெல்லாம் ஒன்றாக இறங்கும். குதிரைப் பந்தயத்தில் நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் எடையைக் கூட்டுவது போல, இங்கே ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். வேகமான படகுக்கு எண் சிறியது.

போன மாதம் ஒரு ஞாயிறு, 11.30க்குப் போட்டி தொடங்கியது. 1100 எண் படகில் என் மகள் 66 நிமிடத்தில் முடித்தாள், வகுத்தால் 60. காற்று செத்துக் கிடந்த கடலில் அது நல்ல ஓட்டம்தான். அவள் கரைக்கு வந்து பாயை இறக்கும்போது கடற்காற்று எழும்பியது. சென்னை வெயில் காலத்தில் இது தினப்படிக் கதை, மெரினாவில் சுண்டல் விற்பவருக்கே தெரியும். பாதிக் கடலில் நின்றிருந்த 1320 எண் படகு அந்தக் காற்றைப் பிடித்து 79 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வகுத்தால் 59 நிமிடம் 51 விநாடி. மகள் 9 விநாடியில் தோற்றாள்.

அதற்காகத்தான் எழுதுகிறேனா என்றால், கொஞ்சம் அதற்காகவும்தான். ஜெயித்த பையன் மேல் குறையில்லை, அருமையாக ஓட்டினான். வகுத்தலும் சரி. ஆனால் இரண்டு படகுக்கும் ஒரே காற்று அடித்தது என்று நம்பி வகுக்கிறார்களே, அதுதான் தப்பு. போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்ற இந்த எண்கள் பிரிட்டன் கிளப்புகள் அனுப்பும் போட்டி முடிவுகளிலிருந்து பிறப்பவை. உள்ளூர்த் தண்ணீருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று எண் தருபவர்களே சொல்கிறார்கள். இங்கே அப்படியே எடுத்து ஒட்டுகிறோம்.

மெதுவான படகை முதலில் அனுப்பி, வேகமானதைப் பின்னால் விட்டு, குறித்த நேரத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கே வெற்றி என்று நடத்தும் முறையும் உண்டு. அதற்கும் அதே எண்கள்தான் வேண்டும். மெதுவான படகு காலையின் செத்த காற்றில் கூடுதல் நேரம் தவிக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் கடற்காற்று வரும்போது எல்லோரும் கடலில் இருப்பார்கள். யார் ஜெயித்தார் என்பது கரையில் நிற்கும் எங்களுக்கும் கால்குலேட்டர் இல்லாமலே தெரியும்.

அந்த முறை வரும்வரை இந்த ஒன்றையாவது செய்யலாம். ஒவ்வொரு படகும் ஓடிய நிஜ நேரத்தையும், காற்று மாறிய நேரத்தையும் முடிவுத்தாளில் போடுங்கள். இரண்டு சீசன் சேர்ந்தால் சென்னைக்கான எண்ணை நாமே போடலாம், நான் இலவசமாகவே கணக்குப் பார்த்துத் தருகிறேன். அந்த ஞாயிற்றின் தாளில் வகுத்த நேரம் மட்டுமே இருக்கிறது. 66ம் 79ம் என் கைக்கடிகாரத்தில் பார்த்து பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்தவை.

இப்படிக்கு,
ஒரு படகோட்டியின் அம்மா,
ராயபுரம், சென்னை