செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ரஷ் குழுவின் மறுவரவும் நம் சங்கத்தில் நடந்த விவாதமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பினாங்குத் தீவிலிருந்தும் பாலம் தாண்டி செபராங் பிறையிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் இசை ரசிகர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயலவையில் மாற்றம் எதுவும் இல்லை. சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டு விவரங்கள் சட்டம் சொல்லும் 60 நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. மாதச் சந்திப்புகள் வழக்கம்போல் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம் ஆலோசகர் தந்து உதவும் கடை மாடியில் நடந்தன. பிப்ரவரியில் மட்டும் சந்திப்பு வைக்கவில்லை. தைப்பூசம் 11ஆம் தேதி வந்ததால் உறுப்பினர் பலரும் உறுமி மேளக் குழுக்களோடும் தண்ணீர்ப் பந்தல்களிலும் தண்ணீர்மலை முருகன் கோயிலில்தான் இருந்தார்கள். ஆண்டின் முற்பாதியில் பழைய இசைத்தட்டு, கேசட் பரிமாற்றம் ஒருமுறை நடந்தது. சௌராஸ்தா மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்த இசைப் பத்திரிகைகளை ஓர் உறுப்பினர் நம் அலமாரிக்குக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வில்லா பார்க் திடலில் பிளாக் சபத் ராக் குழுவின் கடைசி நிகழ்ச்சி நடந்தது. நமக்கும் அங்கே கோடைக் காலத்துக்கும் 7 மணி நேர வித்தியாசம். பாயான் லெப்பாஸில் ஓர் உறுப்பினர் வீட்டில் கூடி இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தோம். ஓஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் நால்வரும் ஒரே மேடையில் வாசித்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். 77 வயது பில் வார்ட் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரம்ஸ் அடித்தார். வாசித்தது நான்கே பாடல். வருமானம் பார்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் நல விடுதிக்கும் போனது. 17 நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி ஓஸி காலமானார். அடுத்த சந்திப்பில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

அந்த இரவில் எங்களுக்குள் அதிகம் பேசப்பட்டவர் பில் வார்ட்தான். 2011இல் நால்வரும் மறுபடி சேருவதாக அறிவித்தார்கள். தனக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போடக்கூடியதாக இல்லை என்று 2012இல் அவர் விலகிக்கொண்டார். 2013இல் வந்த ஆல்பத்தில் அவர் இல்லை. விடைபெறும் பயணத்திலும் இல்லை. அந்தப் பயணம் 2017 பிப்ரவரி 4ஆம் தேதி முடிந்த பர்மிங்ஹாம் அரங்கத்துக்கு அப்போது நம் நாட்டு ஜென்டிங்கின் பெயர்தான் இருந்தது. கடைசியில், தொடங்கிய ஊரிலேயே, அவர் இருக்கையில் அவரே உட்கார்ந்தார். இதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது இந்த ஆண்டின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 6ஆம் தேதி கனடாவின் ரஷ் ராக் குழுவைச் சேர்ந்த கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் 2026இல் மறுபடி மேடை ஏறப்போவதாக அறிவித்தார்கள். பயணத்தின் பெயர் ‘ஃபிஃப்டி சம்திங்’. 2020இல் இறந்த நீல் பியர்டின் இடத்தில் டிரம்ஸுக்கு வருபவர் ஜெர்மனியின் அனிகா நில்லஸ், 2022இல் கிடார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு பயணம் செய்தவர். முதலில் 7 நகரங்கள்தான். கேட்பு தாங்காமல் பிறகு பட்டியல் நீண்டது. அன்று இரவே செயலவையினருக்குப் போன் ஓயவில்லை. அக்டோபர், நவம்பர் சந்திப்புகள் இரண்டையும் இந்த ஒரே விஷயம் எடுத்துக்கொண்டது. மலேசியாவுக்கு ஒருமுறைகூட வராத குழு, நம்மில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் விவாதத்தில் சூட்டுக்குக் குறைவில்லை.

எதிர்த்துப் பேசியவர் நம் மூத்த உறுப்பினர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்த காலத்தில், தொழிற்சாலை பஸ்ஸில் வாக்மேனில் கேட்டுக் கேட்டே ரஷ் பாடல் வரிகளை மனப்பாடம் செய்தவர். அவர் சொன்னது இது: “நீல் பியர்ட் வெறும் டிரம்மர் இல்லை. பாட்டெல்லாம் அவர் எழுத்து. கை அவருடையது, வார்த்தையும் அவருடையது. அவர் இல்லாத குழுவுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும், நானே டிக்கெட் வாங்குகிறேன்.” லெட் செப்பலின் குழுவை அவர் உதாரணம் காட்டினார். 1980 செப்டம்பரில் அதன் டிரம்மர் ஜான் போனம் இறந்தார், டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். 2007இல் லண்டனில் சேர்ந்தபோதும் டிரம்ஸில் உட்கார்ந்தது அவருடைய மகன் ஜேசன், அதுவும் ஒரே ஓர் இரவு. “அதுதான் மரியாதை” என்றார்.

இளையவர்கள் வேறு கணக்கு வைத்தார்கள். 1974இல் வந்த ரஷ் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. பியர்ட் சேர்ந்தது அந்த ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, அமெரிக்கப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு. அப்படியிருக்க யார் அசல், யார் மாற்று என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் நாற்பது ஆண்டு வாசித்தவரையும் ஓர் ஆல்பம் வாசித்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. அன்றும் சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன்.

2018 நவம்பரில் சன்வே லகூனில் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவைப் பார்த்தவர்கள், அங்கேயும் ஆக்ஸல், ஸ்லாஷ், டஃப் மூவர்தான் பழையவர்கள், இஸி ஸ்ட்ராட்லின் வரவில்லை, அதற்காக யாராவது பாதியில் எழுந்து வந்தோமா என்று கேட்டார்கள். அதில் இருவர் இன்னமும் அந்த நிகழ்ச்சியின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் உறுமி மாஸ்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார். “எங்கள் மாஸ்டர் தவறிப்போன வருஷம் தைப்பூசத்துக்குக் குழுவை இறக்குவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளும் இதே சண்டை. மாஸ்டர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டோம். அவங்க ‘அடிங்கப்பா’ என்றாங்க. அடித்தோம். அவர் உறுமியை நான்தான் எடுத்தேன். அவர் மாதிரி அடிக்க முயற்சி செய்யவே இல்லை, அவர் சொல்லிக் கொடுத்ததை அடித்தேன்.” அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

துணைத்தலைவர் அக்கா அதிலிருந்தே எடுத்துக்கொடுத்தார். பியர்டின் மனைவி கேரியும் மகள் ஒலிவியாவும் இந்தப் பயணத்துக்கு ஆதரவு தெரிவித்து அறிக்கை விட்டிருக்கிறார்கள். வீட்டார் சம்மதித்த பிறகு தடுக்க நாம் யார் என்று கேட்டார். மூத்தவர் விடவில்லை. வீட்டாரின் சம்மதம் வேறு, ரசிகனின் மனது வேறு என்றார்.

செயலாளர் என்ற முறையில் இரு பக்கத்தையும் எழுதிவிட்டேன். என் நிலையையும் சொல்ல வேண்டும். ஒரு குழு மறுபடி சேரும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கூட வாசித்தவனை அவர்கள் எப்படி நடத்தினார்கள்? 1997 ஆகஸ்டில் பியர்டின் மகள் செலினா கார் விபத்தில் இறந்தாள். அடுத்த ஆண்டு ஜூனில் அப்போதைய மனைவி ஜாக்கியும் இறந்துவிட்டார். என்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சுமார் 88,000 கிலோமீட்டர் ஓட்டினார். லீயும் லைஃப்சனும் வேறு டிரம்மரைத் தேடவில்லை, திரும்பி வா என்று நெருக்கவும் இல்லை. 2001இல் அவராகத் திரும்பி வந்தார், 2002இல் ஆல்பம் வந்தது. பெயர் உச்சத்தில் இருந்த ஒரு குழு இத்தனை ஆண்டு சும்மா இருப்பது லேசான காரியம் இல்லை. பிறகு மூளைப் புற்றுநோய் வந்தபோது, அவர் விருப்பப்படியே மூன்றரை ஆண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. 2020 ஜனவரி 7ஆம் தேதி அவர் இறந்த செய்தி மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அப்படிக் காத்திருந்த இரண்டு பேருக்கும் பயண அறிவிப்பு வந்தபோது வயது 72. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்ந்து வாசிப்பவர்கள். அவர்கள் தங்கள் பாட்டைத் தங்கள் பெயரிலேயே வாசிக்க எல்லா உரிமையும் உண்டு. பில் வார்டை 2012இல் விட்டுவிட்டுப் போன சபத்தின் பயணத்தைத்தான் என் மனம் ஏற்கவில்லை. அந்தக் குறை 2025 ஜூலையில் தீர்ந்தது. ரஷ் விஷயத்தில் தீர்க்க வேண்டிய குறையே இல்லை. பயணத்தின் தொடக்கம் 2026 ஜூன் 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் என்று அறிவித்தார்கள். பியர்டோடு மூவரும் கடைசியாக வாசித்ததும் அங்கேதான், 2015 ஆகஸ்ட் 1. வேறு இடத்தில் தொடங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கும்.

நவம்பர் சந்திப்பில் நடந்த இன்னொன்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சங்கத்தின் அடுத்த ஆண்டு வேலை அதிலிருந்துதான் வந்தது. டொராண்டோ விமான நிலையக் குறியீட்டின் மூன்று எழுத்துகளை மோர்ஸ் முறையில் தட்டி, அதையே தாளமாக வைத்து ரஷ் ஒரு பாடலற்ற இசையைச் செய்திருக்கிறார்கள். அதை ஒலிக்கவிட்டதும் நம் மிருதங்க ஆசிரியர் நிறுத்தச் சொன்னார். மேசையில் விரலால் தட்டிப் பார்த்தார். நீளக் குறிக்கு இரண்டு எண்ணிக்கை, புள்ளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்: “தாம் த தாம் தாம், தாம் த தாம் தாம், தாம் தாம் த த.” ஏழு, ஏழு, ஆறு, மொத்தம் இருபது. “ஏழு மிஸ்ரம்தானே, இதைப் போய் கஷ்டமான தாளம் என்கிறீர்களே” என்று பயிற்சிப் பலகையோடு வந்திருந்த தம்பியைப் பார்த்துக் கேட்டார். அந்தத் தம்பி பல மாதமாக அந்த இடத்தில் எண்ணிக்கை தவறிக்கொண்டிருந்தவன். ஆசிரியர் கையில் தாளம் போட, வாயில் சொல்லிக்கொண்டே குச்சியை எடுத்தான். நாலைந்து சுற்றிலேயே பிடிபட்டுவிட்டது. உறுமி மாஸ்டர் எழுந்து வந்து மேசையின் மறு ஓரத்தில் சேர்ந்துகொண்டார். எதிர்த்துப் பேசிய மூத்தவர்தான் எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார்.

அடுத்து, பணம் பற்றிய தீர்மானம். ரஷ் நிகழ்ச்சிக்குக் குழுவாகப் போவதற்குச் சங்க நிதியில் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்று முன்மொழியப்பட்டது. அப்போது ஒரு டாலருக்கு 4 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. விமானக் கட்டணம், அமெரிக்க விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் சிலர் மட்டும் போய்வர எல்லோருடைய சந்தாவும் கரைந்துவிடும். நீண்ட பேச்சுக்குப் பின் முன்மொழிவு கைவிடப்பட்டது. போகிறவர்கள் சொந்தச் செலவில் போவார்கள். அந்தத் தொகையில் பழைய டிரம்ஸ் செட் ஒன்று வாங்கித் தாள வகுப்பு தொடங்குவது என்று பெரும்பான்மையாக முடிவானது. மிருதங்க ஆசிரியரும் உறுமி மாஸ்டரும் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். வயது வரம்பு இல்லை. நீல் பியர்டே 40 வயதைத் தாண்டிய பிறகு ஃபிரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி பாடம் கேட்டவர். ஆகவே பெரியவர்களும் தயங்காமல் பெயர் கொடுங்கள்.

ரஷ் பயணத்தைச் சங்கம் வரவேற்கிறது என்ற தீர்மானமும் எடுக்கப்பட்டது. கை தூக்கியவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மூத்த உறுப்பினர் தன் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டுப் போகவில்லை, வகுப்புக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர்.

வகுப்புக்கு இடம்தான் இன்னும் பிரச்சினை. கடை மாடியில் டிரம்ஸ் வைத்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. செபராங் பிறையில் ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம். வாடகை குறைவு, ஆனால் தீவுக்காரர்கள் ஃபெர்ரியிலோ பாலத்திலோ கடந்து வர வேண்டும். இதை இன்றைய கூட்டத்திலேயே முடிவு செய்யலாம் என்று தலைவரிடம் கேட்டுக்கொள்கிறேன். துணைத்தலைவர் அக்காவின் மகள் டொராண்டோவில் இருக்கிறார், ஆகஸ்டில் அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்கு அக்கா போகிறார். திரும்பி வந்ததும் செப்டம்பர் சந்திப்பில் பேசுவார். கேட்க விரும்பும் கேள்விகளை, குறிப்பாக டிரம்ஸ் பற்றியவற்றை, அவர் கிளம்புவதற்கு முன் என்னிடம் எழுதித் தந்துவிடுங்கள்.

ஆண்டு முழுக்கத் தோள் கொடுத்த செயலவையினருக்கும், இடம் தந்த ஆலோசகருக்கும், ஜூலை இரவில் எங்களுக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கித் தந்து விடிய விடிய விழித்திருந்த அந்த வீட்டாருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்