உங்கள் டிராக்டர் ஸ்பிரேயரால் என் தீவனக்காடு பாழானது: சேவைப் பிரிவு மேலாளருக்குப் புகார்

அனுப்புநர்:
கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளன.)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மினி டிராக்டரில் மாட்டும் 200 லிட்டர் ஸ்பிரேயர் சரியாக வேலை செய்யாதது, சர்வீஸ் என்ற பெயரில் அலைக்கழித்தது, பயிர் இழப்புக்கு ஈடு கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்தான் இதை எழுதுகிறேன். எந்த நம்பருக்கு அடித்தாலும் இன்னொரு நம்பர் தருகிறார்கள். டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனியைக் கேட்டால் டீலர் மூலமாக வாருங்கள் என்கிறீர்கள். இனிமேல் பேச்சு இல்லை, எல்லாம் எழுத்தில்தான்.

அந்த 200 லிட்டர் மாடல்தான். 12 வோல்ட் மோட்டார் பம்ப், இரண்டு பக்கமும் மடக்கும் பூம் கம்பி, அதில் எட்டு சிவப்பு நாசில், நீல மூடி போட்ட ஃபில்டர். உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எதற்காக வாங்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை உங்கள் ஆளிடம் வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

எங்களுடையது கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் மாட்டுக்கு அதுவே போதும். வறட்சியில் அது கருகிவிடும் என்பதால் கிணற்றடியில் நாலு ஏக்கரில் கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளமும், ஓரத்தில் வேலிமசால் என்ற தீவனப் பயிரும் போட்டு வைக்கிறேன். சோளத்தில் முளைக்கும் சாரணைக் களையைக் கொத்திவிட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அதனால் விதைத்து மூன்றாம் நாள், ஈரம் இருக்கும்போதே அட்ரசின் என்ற களைக்கொல்லி அடிப்பது வழக்கம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு ஏக்கருக்கு 200 கிராம் பவுடர், 200 லிட்டர் தண்ணீர், விசிறி நாசில். இதை முதுகில் கட்டும் ஸ்பிரேயரில் அடித்து அடித்து இடுப்பு போனதால்தான் டிராக்டரில் மாட்டுகிற செட் வாங்கலாம் என்று வந்தேன்.

நான் கேட்டு வந்தது டிராக்டர் இன்ஜின் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டில் ஓடும், அழுத்தம் கூடிய எச்.டி.பி. பம்ப் செட். "அது வேண்டாங்க, அழுத்தம் அதிகம், உங்க ஊர்க் காத்துல மருந்து பறந்துடும். உங்க வேலைக்கு இந்த எலக்ட்ரிக் மாடல்தான் சரி" என்று சொன்னது உங்கள் விற்பனையாளர். பவுடர் மருந்துதான் அடிப்பேன் என்று சொன்னேன். "எல்லா மருந்தும் அடிக்கலாம்" என்றார். உங்கள் விளம்பரத் தாளிலும் அப்படியேதான் அச்சடித்திருக்கிறீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் 38,000 ரூபாய் கட்டினேன்.

ஆடிப் பட்டத்தில் விதைத்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் காற்று எழுவதற்கு முன் வண்டியை இறக்கினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எட்டு மணிக்கு மேல் மருந்து அடித்தால் பக்கத்து வேலிமசால் மேல்தான் போய் விழும். அட்ரசின் வேலிமசாலுக்கு ஆகாது. எனக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்.

முதல் சுற்றிலேயே நாசில் விரியவில்லை. நடுவில் இருக்கிற நாசில்கள் ஏதோ விசிறி மாதிரி அடித்தன. இரண்டு கடைசியிலும் தண்ணீர் கயிறாக ஒழுகியது. நிறுத்தி ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன், நாசில் ஒவ்வொன்றையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை. டேங்க் காலியானதும் மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் அரிசிமாவைக் கரைத்துவிட்டுப் போன மாதிரி வெள்ளையாக மருந்து படிந்து கிடக்கிறது. விரலால் வழித்தால் பசையாக வருகிறது. அந்த பவுடர் தண்ணீரில் கரைகிற சரக்கு இல்லை, மிதந்துகொண்டிருக்கிற சரக்கு. கலக்கிக்கொண்டே இருந்தால்தான் மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும். உங்கள் டேங்கில் கலக்குவதற்கு ஒரு ரிட்டர்ன் குழாய்கூட இல்லை. எச்.டி.பி. செட்டில் மீதித் தண்ணீர் டேங்குக்கே திரும்பி வந்து அந்த வேலையைச் செய்துவிடும். அதைத்தானே நான் முதலில் கேட்டேன்?

கலக்காத மருந்து ஒரு இடத்தில் கெட்டியாகவும் இன்னொரு இடத்தில் வெறும் தண்ணீராகவும் விழுந்தது. கெட்டியாக விழுந்த இடத்தில் சோளப் பயிர் இலை ஓரம் மஞ்சளாகி, நுனியிலிருந்து காய்ந்தது. எங்களுடையது மணல் கலந்த செம்மண், அதில் மருந்து கூடினால் பயிர் தாங்காது. தண்ணீராக விழுந்த இடத்தில் சாரணை பாய் விரித்துப் படர்ந்துவிட்டது. வரப்பில் நின்று பார்த்தால் காடு முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரிகிறது. பார்க்க வயிறு எரிகிறது ஐயா.

இனி உங்கள் கால் சென்டர் ஆளைப் பற்றி.

அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "பவுடர் மருந்து அடிக்க உங்களுக்கு யாரு சொன்னது? விவசாயம் தெரியாம மெஷின் வாங்கிட்டு எங்க உயிரை வாங்காதீங்க." இதைச் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். விவசாயம் தெரியாதாம்! என் தாத்தா காலத்திலிருந்து அந்த மண்ணில் மாடு கட்டிப் பிழைக்கிற குடும்பம். என் மகள் பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டாள். "உரையாடல் பதிவு செய்யப்படும்" என்று நீங்களே முதலில் ஒலிபரப்புகிறீர்கள் அல்லவா? அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒருவர் இப்படிப் பேசினால் சும்மா இருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு முன் பேசிய அம்மா மரியாதையாகப் பேசினார், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை "வண்டியை மெதுவா ஓட்டுங்க சார்" என்பதுதான். மெதுவாக ஓட்டினால் ஏக்கருக்கு விழும் தண்ணீர் கூடும், நாசிலில் அழுத்தம் எப்படிக் கூடும்? அழுத்தம் இல்லாமல் விசிறி விரியாது. விரியாவிட்டால் இரண்டு நாசிலுக்கு நடுவில் மருந்து விழாத பட்டை இருந்துகொண்டேதான் இருக்கும். போதாததற்கு, பாதி வேகத்தில் ஓட்டினால் நாலு ஏக்கர் முடிவதற்குள் காற்று வந்துவிடும்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன். வெறும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு நாசிலுக்கு அடியிலும் லிட்டர் ஜக் பிடித்து ஒரு நிமிடம் அளந்தேன். நடு நாசிலில் ஒரு லிட்டர் வந்தது, கடைசி நாசிலில் 600 மில்லிகூட வரவில்லை. நாசிலுக்கு நாசில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே கோளாறு என்பதுதான் இந்தத் தொழிலில் கணக்கு. சிவப்பு நாசில் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கேட்கும். எட்டு நாசிலுக்கு 12.8 லிட்டர். உங்கள் பம்ப் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 8 லிட்டர் என்று போட்டிருக்கிறது, அதுவும் அழுத்தமே இல்லாமல் திறந்துவிட்டால் வருகிற அளவு. 12.8 கேட்கிற பூமில் 8 தருகிற பம்பை மாட்டி விற்றது யார்? உங்கள் கம்பெனியில் ஒருவர்கூடவா இதைக் கூட்டிப் பார்க்கவில்லை? வீடியோவும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் பம்பை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தேன். "பூம் இல்லாம எப்படி செக் பண்றது, முழு செட்டும் வேணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) வாடகைக்குப் பிடித்து, டேங்க், பூம், பம்ப் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி, பால் கறவையை வீட்டில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பையன் தலை நிமிராமலே "டெக்னீஷியன் திருச்சி எக்ஸிபிஷனுக்குப் போயிருக்கார். பம்ப்தானே கோளாறு, அதை மட்டும் கழட்டிக் கொண்டாந்தா போதுமே" என்கிறான். எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிவிட்டது. முந்தின நாள் போன் செய்து, "வாங்க, ஆள் இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். உட்கார ஒரு நாற்காலி தரவில்லை, செட்டை இறக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றார்கள். வந்த வண்டியிலேயே ஏற்றித் திரும்பினேன். அந்த வாடகைப் பணத்தைவிட அந்த அலட்சியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இழப்பைச் சொல்கிறேன். கோ எஃப்.எஸ். 29 ஒரு அறுப்போடு முடிகிற பயிர் இல்லை. முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒரு அறுப்பு. தொடக்கத்தில் சந்து விட்ட பயிர் கடைசி அறுப்பு வரை சந்தாகவே இருக்கும். ஆகவே உங்கள் மெஷின் அழித்தது ஒரு மாதத் தீவனத்தை அல்ல, என் வருஷத் தீவனத்தையே அழித்துவிட்டது. பண்ணையே நிலைகுலைந்து நிற்கிறது. வளராமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தை அப்படியே அறுத்துப் போடவும் முடியாது, அதில் நஞ்சு ஏறியிருக்கும், மாடு செத்துப்போகும். மருந்து கெட்டியாக விழுந்த பட்டையில் பிழைத்த சோளத்தட்டை மாட்டுக்குப் போடலாமா என்று உங்களைத்தான் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. வெளியில் காசு கொடுத்து வைக்கோலும் சோளத்தட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பால் இறங்கிவிட்டது. சினையாக இருக்கிற மாட்டுக்குப் பசுந்தீவனம் இல்லை. இதை எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கில் போகும்.

நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் கம்பெனியின் கைத்தெளிப்பான் ஒன்று எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் உழைக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். தயவுசெய்து தாங்கள் நேரடியாகத் தலையிட்டு, எட்டு நாசிலுக்கும் முழு அழுத்தம் கொடுத்து, டேங்கைக் கலக்கவும் மிச்சம் இருக்கிற அளவுக்கு, நிமிடத்துக்கு 20 லிட்டருக்குக் குறையாத பம்பும் ரிட்டர்ன் குழாயும் வைத்து மாற்றித் தாருங்கள். என் காட்டுக்கே ஆள் அனுப்பி, நாசில் ஒவ்வொன்றையும் அளந்து காட்டிவிட்டுப் போகட்டும். அது முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் செட்டை நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள், இனிமேல் நான் குட்டி யானை பிடிக்க மாட்டேன். எது செய்தாலும் விதை, மருந்து, வெளியில் வாங்கிய தீவனம், வண்டி வாடகை ஆகியவற்றுக்கு ஈடு வேண்டும். போனில் பேசிய அந்த நபர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், அதோடு நிற்கவும் மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 எனக்குத் தெரியும். பிழைப்புக்காகச் சொந்தத் தொழிலுக்கு வாங்கியவனும் நுகர்வோர்தான். வழக்குப் போட நான் உங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை, நான் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. விற்கும்போது கொடுத்த வாக்குப்படி பொருள் இல்லாவிட்டால் தயாரித்தவர் பொறுப்பு என்று 84-ஆவது பிரிவு சொல்கிறது. "எல்லா மருந்தும் அடிக்கலாம்" என்று அச்சடித்தது நீங்கள்தான், நான் அல்ல.

அந்த வரியை உங்கள் விளம்பரத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இதே செட்டை வாங்குவதாக இருந்தார்கள். என் காட்டைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் சரிசெய்து கொடுத்தால் அதையும் அவர்களிடம் நானே சொல்வேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை எட்டரை மணிக்கு மேல் அனுப்புங்கள், அதற்கு முன் பால் வேலை இருக்கும். புரட்டாசியில் மறுபடி விதைத்தாக வேண்டும், அதற்குள் எனக்கு ஓடுகிற மெஷின் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், விளம்பரத் தாள் நகல், பம்ப் ஸ்டிக்கர் படம், பயிரின் படங்கள், குட்டி யானை வாடகை ரசீது.